பாதி கட்டிய விமானம் சாலையில் போகும்போது: வீட்டில் கட்டும் விமானத்தின் பாகங்களைச் சேதமின்றி இடம் மாற்றும் முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு விமானத்தைச் சொந்தக் கையால் கட்டி முடிக்கச் சில ஆண்டுகள் ஆவது இயல்பு. பத்து ஆண்டுகளைத் தாண்டுவதும் அரிதல்ல. அந்தக் கால அளவில் வேலை மாறுகிறது, வீடு மாறுகிறது, கட்டத் தொடங்கியவர் விற்றுவிட்டு மற்றொருவர் வாங்குகிறார். எதுவும் மாறாவிட்டாலும், வீட்டு காரேஜில் உருவான விமானம் ஒரு நாள் விமான நிலையக் கொட்டகைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். ஆகவே வீட்டில் கட்டப்படும் விமானம் எதுவாயினும் வானத்தில் ஏறுவதற்கு முன் ஒருமுறையாவது சாலையில் பயணிக்கிறது. அந்தப் பயணத்தைப் பற்றிக் கட்டுமானக் கையேடுகள் மிகக் குறைவாகவே பேசுகின்றன.

இந்த வழிகாட்டி அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துக் கட்டும் வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வகை விமானங்களை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. அவையே மிகுதியாகக் கட்டப்படுபவை. அவற்றுக்கான முறைகளில் பெரும்பகுதி மற்ற வகைகளுக்கும் பொருந்தும். கண்ணாடியிழை, மரம், துணி ஆகியவற்றுக்குரிய வேறுபாடுகளை உரிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

விமானம் வலுவானது என்ற எண்ணமே பெரும்பாலான சேதங்களுக்குக் காரணம். அது வலுவானதுதான், ஆனால் அந்த வலு, பரந்த பரப்பின் மீது சீராகப் பரவும் காற்றுச் சுமையைத் தாங்குவதற்காகக் கணக்கிடப்பட்டது. தன் எடையைப் போலப் பல மடங்கு சுமையை வானத்தில் தாங்கும் அதே இறக்கை, ஒரு கட்டையின் கூர்மையான விளிம்பு இரண்டு ரிப்புகளுக்கு (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள்) நடுவே தகட்டில் அழுந்தினால் அங்கேயே குழிந்துவிடும். ஆர்வி விமானங்களின் தகடுகள் பெரும்பாலும் 0.016 முதல் 0.032 அங்குலம் வரை தடிமன் கொண்டவை. மிக மெல்லியது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. சாலையோ இதற்கு நேர்மாறான சுமைகளைத் தருகிறது: ஒரு புள்ளியில் விழும் அடி, பக்கவாட்டு உலுக்கல், மணிக்கணக்கில் நிற்காத நுண்ணதிர்வு. எனவே ரிப், ஸ்பார் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மை விட்டம்), பல்க்ஹெட் (உடற்பகுதியின் குறுக்குச் சட்டம்) போன்ற உறுப்புகள் இருக்கும் இடத்தில் மட்டுமே பாகத்தைத் தாங்க வேண்டும், அங்கேயே பிடிக்க வேண்டும். மற்ற இடங்களில் எதுவும் தொடக் கூடாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து கிளைப்பவை.

பாதி கட்டிய நிலை முழுதாகக் கட்டிய நிலையைவிட ஆபத்தானது என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேல் தகடு இன்னும் மூடப்படாத உடற்பகுதி மூடியில்லாத அட்டைப்பெட்டி மாதிரி. வளைவதைத் தாங்கினாலும் முறுக்கத்தைத் தாங்காது. ஒரு பக்கம் மட்டும் தகடு போட்ட இறக்கையும் அப்படியே. இந்த நிலையில் ஒரு மூலையை மட்டும் தூக்கினாலோ, டிரெய்லரின் தளம் மேடுபள்ளத்தில் முறுகும்போது அந்த முறுக்கம் பாகத்துக்குக் கடத்தப்பட்டாலோ, ரிவெட் துளைகள் நீள்வட்டமாக விரிந்துவிடலாம். அந்தச் சேதம் கண்ணுக்கு உடனே தெரிவதில்லை என்பதே அதன் தீமை.

படி 1: எந்தக் கட்டத்தில் இடம் மாற்றுவது என்று முடிவு செய்தல்

தேதியை நீங்களே தேர்ந்தெடுக்க முடியும் என்றால், பாகம் மூடப்பட்ட பெட்டியாக ஆன பிறகு மாற்றுங்கள். இறக்கையின் இரு பக்கத் தகடுகளும் ரிவெட் செய்யப்பட்டிருந்தால் அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும். அதற்கு நேரமில்லை என்றால், மூன்று வழிகள் உண்டு. ஒன்று, வேலையைப் பின்னோக்கிக் கொண்டுபோய், இன்னும் ரிவெட் அடிக்காத பாகங்களைப் பிரித்துத் தட்டையாக அடுக்கி எடுத்துச் செல்வது. இரண்டு, தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்திருக்கும் கிளிகோக்களில் கணிசமானவற்றை எடுத்துவிட்டு, அதே துளைகளில் சரியான விட்டமுள்ள சிறு திருகுகளையும் நட்டுகளையும் போடுவது. கிளிகோ வில்விசையால் மட்டுமே நிற்பது. நீண்ட அதிர்வில் அது நழுவிக் கழன்று, தகட்டின் மீது விழுந்து உருண்டு கீறலை உண்டாக்கும். மூன்றாவது வழி, பாகம் எந்த ஜிக்கில் (கட்டும்போது பாகத்தை அசையாமல் பிடித்திருக்கும் சட்டம்) கட்டப்பட்டதோ அந்த ஜிக்கையும் சேர்த்தே ஏற்றுவது. இடம் அதிகம் பிடித்தாலும், மூடப்படாத உடற்பகுதிக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது என் கருத்து. ஜிக் இல்லாவிட்டால், திறந்த மேற்பகுதியின் குறுக்கே மூலைவிட்டமாக இரண்டு மரச்சட்டங்களைப் பெருக்கல் குறிபோல் பொருத்தி முறுக்கத்தைத் தடுக்கலாம்.

படி 2: அளவெடுத்தல்

ஆர்வி-7 விமானத்தின் முழு இறக்கை அகலம் சுமார் 25 அடி; விமானத்தின் மொத்த நீளம் சுமார் 20 அடி. தனித்தனியாகக் கழற்றினால் ஒவ்வோர் இறக்கையும் ஏறத்தாழ 11 அடி நீளமும் 58 அங்குல அகலமும் கொண்டது. வாடகைக்குக் கிடைக்கும் 26 அடி மூடிய டிரக்கில் உடற்பகுதி, இரண்டு இறக்கைகள், வால் பாகங்கள் எல்லாம் ஒரே நடையில் போய்விடும். ஆனால் விளம்பரத்தில் சொல்லப்படும் அளவு உள்ளறையின் அளவு. பின் கதவின் திறப்பு அதைவிட உயரத்திலும் அகலத்திலும் குறைவு. சக்கரங்களோடு கூடிய உடற்பகுதியை ஏற்றுவதாக இருந்தால், இரு சக்கரங்களின் வெளி விளிம்புகளுக்கு இடையிலான தூரத்தையும், ஏற்றுப் பலகை சாய்ந்திருக்கும்போது மிக உயரமான பகுதி கதவின் மேல்சட்டத்தை எங்கே சந்திக்கும் என்பதையும் அளந்து பார்க்க வேண்டும். நெட்டுநிலை வால் பொருத்தப்பட்டிருந்தால் இடிப்பது அநேகமாக அங்கேதான். கிடைநிலை வாலைக் கழற்றாமல் எடுத்துச் செல்ல முயல வேண்டாம்.

புறப்படும் இடத்தையும் அளக்க வேண்டும். காரேஜ் கதவு, வண்டிப்பாதையின் சரிவு, டிரக் திரும்பும் இடம் ஆகியவை போதுமா என்று பாருங்கள். நிலவறையில் இறக்கை கட்டியவர்கள் படிக்கட்டின் திருப்பத்தை அட்டையால் செய்த மாதிரியை வைத்துச் சோதிப்பது நல்லது.

படி 3: வாகனத்தைத் தேர்ந்தெடுத்தல்

மூடிய பெட்டி டிரக், மூடிய டிரெய்லர், திறந்த டிரெய்லர், தொழில்முறைச் சுமைவண்டி என நான்கு வாய்ப்புகள் உண்டு. செலவு அனுமதித்தால் மூடிய பெட்டி டிரக்கே முதல் தேர்வு. மழை, கல், பனி உருகச் சாலையில் தூவும் உப்பு, காற்று ஆகிய நான்கையும் அது ஒரே சுவரால் தடுத்துவிடுகிறது. காற்றுப்பைத் தொங்கலமைப்பு உள்ள டிரக் கிடைத்தால் இன்னும் நல்லது.

டிரெய்லரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: கனமான டிரெய்லர் என்றால் பாதுகாப்பானது என்பது. காரைச் சுமக்கும் டிரெய்லரின் வில்பட்டைகள் ஆயிரக்கணக்கான பவுண்டு சுமைக்காக இறுக்கமாக அமைக்கப்பட்டவை. அதன் மேல் சில நூறு பவுண்டு எடையுள்ள வெற்று உடற்பகுதியை ஏற்றினால் வில் மடங்கவே மடங்காது. சாலையின் ஒவ்வோர் இணைப்பும் நேராக விமானத்தில் இடிக்கும். இதற்குத் தீர்வு, அச்சுக்கு மேலே மணல் மூட்டை போன்ற எடையை அசையாமல் கட்டி வைப்பது, அல்லது சிறிய கொள்ளளவுள்ள அச்சு கொண்ட டிரெய்லரைத் தேடுவது. இரண்டும் முடியாவிட்டால் தாங்கிகளுக்கு அடியில் அடர்நுரையின் தடிமனைக் கூட்ட வேண்டும்.

திறந்த டிரெய்லர் குறுகிய தூரத்துக்கு ஏற்றது, அதுவும் நல்ல வானிலையில். இங்கே காற்றின் கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. மணிக்கு 65 மைல் வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் சதுர அடிக்கு ஏறத்தாழ 10.8 பவுண்டு. ஆர்வி-7 இறக்கை ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 53 சதுர அடி. தூக்கு விசைக் கெழுவை (இறக்கை காற்றிலிருந்து எவ்வளவு தூக்கு விசை பெறுகிறது என்பதைக் காட்டும் எண்) 1 என்று வைத்தால் 570 பவுண்டுக்கு மேல் தூக்கு விசை எழுகிறது. இது அந்த இறக்கையின் எடையைப் போலப் பல மடங்கு. நெடுஞ்சாலை வேகம் இந்த விமானங்கள் தரையிறங்கும் வேகத்தைவிடக் குறைந்ததல்ல என்பதை மறந்துவிட்டு இறக்கையைத் தட்டையாகப் படுக்க வைத்துக் கட்டுபவர், சாலையில் பறக்க முயலும் ஒரு பொருளைப் பட்டையால் அடக்கப் பார்க்கிறார். எதிரே கடந்து செல்லும் பெரிய லாரியின் காற்று வீச்சு இதற்கு மேலதிகம்.

விமானத்தை அதன் சொந்தச் சக்கரங்களில் இழுத்துச் செல்வதை அடியோடு தவிர்க்க வேண்டும். 5.00-5 அளவுள்ள அந்தச் சிறு டயர்களும் தாங்குருளைகளும் ஓடுபாதையில் சில நிமிடங்கள் ஓடுவதற்கானவை. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடுவதற்கு அல்ல. கிட்ஃபாக்ஸ் போன்ற மடிக்கும் இறக்கை கொண்ட விமானங்களுக்கும் இது பொருந்தும். மடிப்பு என்பது கொட்டகையில் இடத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு. மடித்த நிலையில் சாலையில் போனால் இறக்கையின் எடை முழுவதும் அடிப்பகுதிப் பொருத்திகளின் மீது குலுங்கும். ஆகவே மடித்த இறக்கைக்கு நுனியருகே டிரெய்லரிலேயே நிற்கும் தனித் தாங்கி வேண்டும்.

தொழில்முறையில் விமானப் பாகங்களை மட்டுமே ஏற்றிச் செல்லும் சில நிறுவனங்கள் அமெரிக்காவில் இயங்குகின்றன; கடலோரத்திலிருந்து கடலோரம் வரையிலான பயணத்துக்கு அவை கேட்கும் தொகை, வாடகை டிரக், எரிபொருள், தங்கும் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் அவ்வளவு அதிகமாகத் தோன்றாது. ஆனால் பலருடைய சரக்குகளைக் கலந்து ஏற்றும் பொதுச் சரக்குச் சேவையில் கட்டி முடித்த இறக்கையைக் கொடுப்பது வேறு விஷயம். அங்கே பெட்டி இடையில் இரண்டு மூன்று கிடங்குகளில் இறக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் ஃபோர்க்லிஃப்ட்டால் தூக்கப்படுகிறது. கெட்டியான மரப்பெட்டியில் வைக்காத எதையும் அந்த வழியில் அனுப்ப வேண்டாம்.

படி 4: இறக்கைகளுக்குத் தொட்டில் செய்தல்

இந்தப் படியில் நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள். முழுப் பயணத்தின் பாதுகாப்பும் பெரும்பாலும் தொட்டிலில்தான் இருக்கிறது.

ஆர்வி கட்டுபவர்களிடையே வழக்கமான முறை, இரண்டு இறக்கைகளையும் முன்விளிம்பு கீழே இருக்கும்படி நிமிர்த்தி ஒரே மரத்தொட்டிலில் அருகருகே வைப்பது. முன்விளிம்பு வளைவானது, தடித்த தகடு கொண்டது, ரிப்புகள் நெருக்கமாக உள்ளது. எடையைத் தாங்க அதுவே ஏற்ற விளிம்பு. பின்விளிம்பு ஒருபோதும் எடை தாங்கக் கூடாது. இறக்கையின் முன்பகுதி வடிவத்தை வரைபடத்திலிருந்து ப்ளைவுட் பலகையில் வரைந்து, நுரையும் கார்பெட்டும் வைப்பதற்காக விளிம்பைச் சுற்றி ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். இப்படி வெட்டிய இருக்கைகள் குறைந்தது இரண்டு வேண்டும்: ஒன்று அடிப்பகுதிக்கு அருகே, மற்றொன்று நுனியிலிருந்து சற்று உள்ளே. ஒவ்வொன்றும் துல்லியமாக ஒரு ரிப்பின் நேர்கீழே வர வேண்டும். ரிப் எங்கே இருக்கிறது என்பதை ரிவெட் வரிசையே காட்டும். அதன் மீது மறைப்பு நாடாவை ஒட்டிக் குறித்துவிட்டால், ஏற்றும்போது உதவிக்கு வந்தவர்களும் பிழை செய்ய மாட்டார்கள். ஆர்வி வகையில் எரிபொருள் தொட்டி உள்பக்க முன்விளிம்பிலேயே இருக்கிறது. அடைப்புப் பசை பூசிய அதன் இணைப்புகளில் தனி அழுத்தம் விழாதபடி அங்கும் ரிப்பின் மீதே இருக்கை அமைய வேண்டும்.

இறக்கையிலிருந்து வெளியே நீளும் ஸ்பார் முனையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதில் உள்ள துளைகள் மிக நெருக்கமான அளவில் துளையிடப்பட்டவை. விமானத்தின் எடை முழுவதும் பின்னாளில் அந்தத் துளைகளின் வழியாகத்தான் கடத்தப்படும். தொட்டிலோடு இணைக்க வசதியாக இருக்கிறதே என்று தளர்வான கடைத்திருகைச் செருகி இறுக்கினால், அதிர்வு அந்தத் துளையை அரித்து விரித்துவிடும். ஸ்பார் முனையை ஒட்டி இரு பக்கமும் மென்மையான பலகையை வைத்துத் துணிப்பட்டையால் கட்டி, மேலே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்தது போல் உறையிட்டாலே போதும்.

ஏலரான், ஃபிளாப் (இரண்டும் இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பரப்புகள்), பிட்டாட் குழாய் (காற்று வேகத்தை அளப்பது), நுனி விளக்கு ஆகியவற்றைக் கழற்றித் தனியாக வையுங்கள். இரண்டு இறக்கைகளுக்கும் இடையே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி இருக்கட்டும். தொட்டிலின் இரு முனைச் சட்டங்களையும் நீளவாக்கில் இணைக்கும் கட்டைகள் வேண்டும், அவற்றின் குறுக்கே மூலைவிட்டச் சட்டமும் வேண்டும். இல்லாவிட்டால் முதல் அவசர பிரேக்கிலேயே தொட்டில் இணைகரமாகச் சாய்ந்துவிடும். அடியில் சக்கரம் பொருத்தினால் காரேஜில் நகர்த்த எளிது. டிரக்கில் ஏற்றிய பின் சக்கரங்களைக் கழற்றிவிட்டோ, தொட்டிலைக் கட்டைகளின் மீது உயர்த்தியோ வைக்க வேண்டும்.

படி 5: உடற்பகுதி

உடற்பகுதிக்கு இரண்டு பிடிமானங்கள் இயற்கையாகவே உள்ளன. முன்னால், எஞ்சின் தாங்கியின் திருகுகள் ஃபயர்வாலில் (எஞ்சினையும் ஓட்டுநர் அறையையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவர்) பொருந்தும் இடங்கள். பின்னால், வால் சக்கரமோ வால் தாங்கியோ இணையும் கனத்த பல்க்ஹெட். ஃபயர்வாலின் துளைகளுக்குச் சரியான அளவுள்ள திருகுகளால் ஒரு மரச்சட்டத்தைப் பொருத்தி, அந்தச் சட்டத்தைத் தரைக்கட்டையோடு இணைத்தால் முன்பகுதி அசையாது. பின்பகுதிக்கு, பல்க்ஹெட்டின் நேர்கீழே வளைவுக்கேற்ப வெட்டிய, கார்பெட் ஒட்டிய இருக்கை வேண்டும்.

சக்கரக் கால்கள் பொருத்தப்பட்டுவிட்டால் வேலை எளிதாகிறது. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. சக்கரத்தைத் தரையோடு கட்டிவிட்டு உடற்பகுதியைச் சும்மா விட்டால், வளையக்கூடிய அந்தக் கால்களின் மீது உடல் நாள் முழுவதும் மேலும் கீழும் ஆடும். ஸ்பார் கடந்து செல்லும் மைய பல்க்ஹெட்டின் கீழே மெத்தையிட்ட கட்டையை வைத்து, கால்களின் சுமையில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்ளும்படி அமைக்க வேண்டும்.

எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தால் அதைக் கழற்றலாமா என்ற கேள்வி எழும். லைகமிங் ஓ-360 போன்ற எஞ்சின் துணைக் கருவிகளோடு ஏறத்தாழ 300 பவுண்டு இருக்கும். குறுகிய தூரத்துக்கு, முன்முனையில் கூடுதல் ஆதாரம் கொடுத்து அப்படியே கொண்டுபோகலாம். நெடுந்தூரம் என்றால், அல்லது உடற்பகுதி இன்னும் முழுமையாக மூடப்படவில்லை என்றால், எஞ்சினைக் கழற்றி அது வந்த பெட்டியிலேயே திருப்பி வைப்பதுதான் சரி. காப்பு எண்ணெய் நிரப்பி ஈரம் உறிஞ்சும் அடைப்பான்களோடு வைத்திருக்கும் எஞ்சினின் சுழல்தண்டை யாரும் வேடிக்கைக்காகத் திருப்பிப் பார்க்கக் கூடாது. உள்ளே படிந்திருக்கும் எண்ணெய்ப் படலம் துடைக்கப்பட்டுத் துருவுக்கு வழி திறந்துவிடும்.

திறந்த டிரெய்லரில் உடற்பகுதியை மூக்கு முன்னோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும். வால் முன்னோக்கி இருந்தால் காற்று ரடரையும் எலிவேட்டரையும் (வாலின் அசையும் பரப்புகள்) பின்பக்கமிருந்து தாக்கி நிறுத்தம் வரை அடித்து ஆட்டும். எந்த நிலையில் வைத்தாலும் அசையும் பரப்புகளைக் கழற்றுவதே முறை. கழற்ற முடியாவிட்டால், ஓட்டுநர் அறையில் கைப்பிடியைக் கட்டுவதோடு நிறுத்தாமல், அந்தந்தப் பரப்பையே வெளியிலிருந்து பூட்ட வேண்டும்.

படி 6: கேனபியும் மற்ற நுண்பொருள்களும்

ஓட்டுநர் அறையை மூடும் அக்ரிலிக் கண்ணாடிக் கூரையான கேனபி சேதமடைந்தால் ஒட்டவோ தட்டி எடுக்கவோ முடியாது. புதிது வாங்க வேண்டும். குளிரில் அதில் எளிதில் விரிசல் விழும். அதனால்தான் கட்டுபவர்கள் அதை வெட்டும்போது அறையைச் சூடாக்கிக்கொள்கிறார்கள். குளிர்காலப் பயணத்திலும் அதே எச்சரிக்கை தேவை. வெப்பத்தால் விரியும் அளவிலும் அது அலுமினியத்தைப் போலச் சுமார் மூன்று மடங்கு. ஆகவே சட்டத்தோடு இறுக்கமாகப் பாதி பொருத்திய நிலையில், வெப்பநிலை மாறும் நெடும்பயணத்துக்கு அனுப்பக் கூடாது. முழுமையாகப் பொருத்துங்கள், அல்லது முழுமையாகக் கழற்றி அகலமான மெத்தையின் மீது தன் விளிம்பில் சீராக நிற்கும்படி வையுங்கள். அதன் மேல் பட்டை போடக் கூடாது. ஒட்டும் நாடாவும் கூடாது. பெட்ரோல், கரைப்பான் ஆவி படும் இடத்தில் வைக்கவும் கூடாது.

இயந்திரவகை ஜைரோ கருவிகள் இருந்தால் பலகையிலிருந்து எடுத்து, நுரை நிரப்பிய பெட்டியில் வைத்து உங்கள் காரின் இருக்கையிலேயே கொண்டுபோங்கள். புரொப்பல்லரைக் கழற்றி, நுனியில் எடை விழாதபடி படுக்க வைக்க வேண்டும்.

படி 7: ஆபத்தான பொருள்கள்

எரிபொருளை முற்றாக வடித்துவிட்டு, ஆவி வெளியேறத் தொட்டிகளைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். பேட்டரியின் இணைப்பைத் துண்டித்து, முனைகளை மூடுங்கள். கரைப்பான்கள், பெயிண்ட், பிசின் கடினமாக்கி ஆகியவற்றைப் புதிய ஊரில் வாங்கிக்கொள்வதே நல்லது.

பலருக்கும் நினைவில் வராதது அவசர இடங்காட்டி ஒலிபரப்பி. விபத்தின் அதிர்ச்சியை உணர்ந்து தானே இயங்கும்படி வடிவமைக்கப்பட்ட அந்தக் கருவி, சாலையின் ஒரு பெரிய பள்ளத்தையும் விபத்தாக எடுத்துக்கொள்ளலாம். இன்றைய கருவிகள் 406 மெகாஹெர்ட்ஸில் நேராகச் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்புகின்றன. அதைத் தாங்கியிலிருந்து எடுத்து, சுவிட்சை நிறுத்த நிலையில் வைத்தே ஏற்ற வேண்டும். விமானத்துக்கான மீட்பு பாராசூட் வாங்கி வைத்திருப்பவர்கள் அதில் வெடிமருந்து ராக்கெட் இருப்பதை மறக்கக் கூடாது. பாதுகாப்பு ஊசி இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அதை எப்படி எடுத்துச் செல்லலாம் என்று தயாரித்த நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படி 8: கட்டுதல்

பாகத்தைத் தொட்டிலோடு கட்டுங்கள். தொட்டிலை வாகனத்தோடு கட்டுங்கள். பாகத்தை நேரடியாக வாகனத்தோடு கட்டாதீர்கள். ராட்செட் பட்டையின் நெம்புகோலுக்கு ஓர் இறக்கையை நசுக்கும் வலிமை உண்டு, அதை இழுப்பவரின் கைக்கு அது தெரியாது. ஆகவே ராட்செட்டைத் தொட்டிலுக்கு மட்டும் பயன்படுத்தி, பாகங்களுக்குக் கையால் இழுத்து இறுக்கும் கொக்கிப் பட்டைகளைப் பயன்படுத்த வேண்டும். பட்டை தகட்டைத் தொடும் இடமெல்லாம் ரிப்பின் மீது இருக்க வேண்டும். அடியில் சுத்தமான மென்துணி வேண்டும். பட்டைக்கும் தகட்டுக்கும் இடையே மணல் துகள் ஒன்று சிக்கினால், அது நூற்றுக்கணக்கான மைல்கள் தேய்த்து அல்கிளாட் தகட்டின் தூய அலுமினியப் படலத்தை அகற்றிவிடும். அரிமானம் பிறகு அங்கிருந்தே தொடங்கும்.

எவ்வளவு வலுவாகக் கட்டுவது என்பதற்கு அமெரிக்கக் கூட்டரசின் சரக்குப் பிணைப்பு விதிகள் நல்ல அளவுகோல். அவை வணிக வாகனங்களுக்கானவை. ஆனாலும் சொந்தச் சுமைக்கு அதைவிடக் குறைவாகக் கட்ட எந்தக் காரணமும் இல்லை. சரக்கின் எடையில் முன்னோக்கி 0.8 மடங்கு, பின்னோக்கி 0.5 மடங்கு, பக்கவாட்டில் 0.5 மடங்கு விசையைப் பிணைப்பு தாங்க வேண்டும். பட்டைகளின் அனுமதிக்கப்பட்ட வேலைச்சுமைகளின் கூட்டுத்தொகை சரக்கின் எடையில் பாதிக்காவது சமமாக இருக்க வேண்டும். இலேசான விமானப் பாகங்களுக்கு இந்த எண்களை எட்டுவது எளிது; கடினமானது, நசுக்காமல் எட்டுவது. அதனால் பட்டையின் இறுக்கத்தை நம்புவதைவிட, தொட்டிலின் நான்கு பக்கமும் தளத்தில் தடைக்கட்டைகள் வைத்து நகர்வையே மறிப்பது மேல்.

டிரெய்லர் என்றால், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இணைப்புக் கொக்கியின் மீது விழ வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் வாலாட்டத் தொடங்கும். சுமை வாகனத்தின் பின்னால் 4 அடிக்கு மேல் நீண்டால், 18 அங்குலச் சதுரச் சிவப்பு அல்லது ஒளிரும் செம்மஞ்சள் கொடி வேண்டும். அகலம் 102 அங்குலத்தைத் தாண்டினால் மாநிலத்துக்கு மாநிலம் தனி அனுமதி வாங்க நேரும்.

வேறு பொருள்களால் கட்டியவை

லாங்-ஈஸி போன்ற கண்ணாடியிழை விமானங்கள் தகடு விமானங்களைவிடப் புள்ளி அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் அவற்றின் பகை வெப்பம். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி, வெயிலில் நிற்கும் மூடிய டிரக்கின் உள்ளே மென்மையடையக் கூடும். அப்போது இரண்டே இடங்களில் தாங்கப்பட்ட இறக்கை மெதுவாக வளைந்து, குளிர்ந்ததும் அந்த வளைவிலேயே நின்றுவிடலாம். அரிசோனா, நெவாடா வழியாகக் கோடையில் போக நேர்ந்தால் தாங்கிகளை அதிகப்படுத்தி, இரவில் ஓட்டுங்கள். அடிப்பூச்சின் நிறம் கறுப்பு அல்லது அடர் சாம்பல் என்றால் வெள்ளைத் துணியால் மூடுங்கள்.

மரக் கட்டுமானம் ஈரப்பத மாற்றத்துக்கு அஞ்சுவது. வறண்ட மாநிலத்திலிருந்து ஈரமான மாநிலத்துக்குப் போனதும் சில நாட்கள் விட்டுப் பிறகே அளவெடுத்து வேலையைத் தொடர வேண்டும். துணி போர்த்திய பரப்புகளை ரிப்பும் விளிம்பும் உள்ள இடத்தில் மட்டுமே தொட வேண்டும். எஃகுக் குழாய்ச் சட்டங்களில் பட்டையைக் குழாயின் நடுவே போடாமல், பல குழாய்கள் கூடும் முடிச்சில் போடுங்கள்.

படி 9: தாள்களும் காப்பீடும்

அமெரிக்க விதிப்படி, வீட்டில் கட்டிய சோதனைவகை விமானத்துக்கான பறக்கும் தகுதிச் சான்றிதழ் பெற, கட்டுமானத்தின் பெரும்பகுதியைத் தனிநபர்கள் தங்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்தார்கள் என்று காட்ட வேண்டும். கட்டுபவர்கள் இதை 51 சதவீத விதி என்பார்கள். அதற்குச் சான்று கட்டுமானப் பதிவேடும் படங்களும் ரசீதுகளும்தான். கட்டியவருக்கான பராமரிப்புச் சான்றிதழும் அவற்றையே நம்பியிருக்கிறது. ஓர் இறக்கை உடைந்தால் வேறொன்று கட்டலாம். இன்னொருவரிடமிருந்து வாங்கிய திட்டத்தின் பதிவேடு தொலைந்தால் அதை மீண்டும் உருவாக்க முடியாது. அதை டிரக்கில் வைக்காமல் கையோடு கொண்டுபோங்கள், முன்பே ஒளிப்படப் பிரதியும் எடுத்துவிடுங்கள். பாதி கட்டியதை வாங்குபவர், ஏற்றும் முன் விற்பனைப் பத்திரத்தையும் பாகங்களின் பட்டியலையும் கையெழுத்தோடு பெற வேண்டும்.

வீட்டுக் காப்பீடுகள் பலவும் விமானத்தையும் அதன் பாகங்களையும் வெளிப்படையாக விலக்குகின்றன. வாடகை டிரக்குக்கு வாங்கும் காப்பு டிரக்கை மனத்தில் வைத்தது. உள்ளே இருப்பது விமானம் என்றால் அது செல்லுமா என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். கட்டுமானத்தில் இருக்கும் விமானத்துக்கான தனிக் காப்பீடு எடுப்பவர்கள், அது சாலைப் பயணத்தையும் தழுவுகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

படி 10: சாலையில்

வழியை உயரத்தைக் கருதித் திட்டமிடுங்கள். 26 அடி வாடகை டிரக்குகளுக்கு 12 முதல் 13 அடி இடைவெளி தேவைப்படுகிறது. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குல உயரத்தில் நின்ற ஒரு ரயில் பாலம், தன்னில் மோதிக் கூரை உரிந்த டிரக்குகளால் உலகப் புகழ் பெற்றது. 2019-இல் அதை 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்திய பிறகும் மோதல்கள் நிற்கவில்லை. நியூயார்க் பகுதியின் பார்க்வே சாலைகளிலும் தாழ்வான பாலங்கள் உண்டு, அங்கே டிரக்குகளுக்கு அனுமதியும் இல்லை. கார்களுக்கான வழிகாட்டிச் செயலிகள் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஃபுளோரிடாவில் வாடகை டிரக்குகளும் வேளாண் சோதனைச் சாவடிகளில் நின்றே செல்ல வேண்டும். பின் கதவைத் திறந்ததும் எதுவும் உருண்டு விழாதபடி ஏற்றியிருப்பது இதற்கும் உதவும்.

வணிக ஓட்டுநர்கள் முதல் 50 மைலுக்குள் ஒருமுறையும், அதன் பின் 150 மைல் அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும் சுமையைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. முதல் நிறுத்தத்தை 20 மைலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். நுரை அமுங்கிப் பட்டைகள் தளர்வது அந்தத் தூரத்தில்தான். நின்றதும் பட்டைகளைத் தொட்டுப் பாருங்கள். தகட்டுக்கும் மெத்தைக்கும் இடையே கரும்பொடி தோன்றியிருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியம் உராய்வதன் அடையாளம் அது. இறுக்குவதால் மட்டும் தீராது, அங்கே மெத்தையை மாற்ற வேண்டும். டிரெய்லரில் சக்கர நட்டுகளைச் சோதித்து, தாங்குருளை மையத்தைக் கையால் தொட்டுச் சூட்டைப் பாருங்கள். டிரெய்லர் டயர்கள் பல மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓட அனுமதிக்கப்பட்டவை அல்ல.

குளிர்கால உப்புச் சாலையில் திறந்த டிரெய்லரில் போக வேண்டாம். போய்த்தான் ஆகவேண்டும் என்றால், சேர்ந்த அன்றே நன்னீரால் கழுவி உலர்த்துங்கள்.

படி 11: இறக்கிய பிறகு

களைப்பில் எல்லாவற்றையும் சுருட்டியபடியே மூலையில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் மறப்பதுதான் கடைசி ஆபத்து. குமிழ் உறை, நுரை, கார்பெட் எல்லாம் ஈரத்தைப் பிடித்து வைத்து அலுமினியத்தின் மேல் புழுப்போன்ற அரிமானக் கோடுகளை உண்டாக்கும். தகட்டின் மேல் தொழிற்சாலையிலிருந்தே ஒட்டி வரும் நீலப் படலமும் நாட்பட்டால் இதையே செய்யும். அன்றே பிரித்துவிடுங்கள்.

பிறகு நல்ல வெளிச்சத்தில், சாய்ந்த கோணத்தில் டார்ச் அடித்து ஒவ்வொரு பரப்பையும் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத குழிகள் இப்படித் தெரியும். ரிவெட் தலைகளைச் சுற்றிக் கரும்வளையம், கிளிகோ துளைகளில் நீட்சி, ஸ்பார் துளைகளின் விளிம்பில் தேய்வு, கேனபியின் திருகுத் துளைகளிலிருந்து கிளம்பும் மயிரிழை விரிசல் ஆகியவற்றைத் தேடுங்கள். இறக்கையின் முறுக்கத்தை மட்டம் பார்க்கும் கருவியால் அடியிலும் நுனியிலும் அளந்து, ஏற்றும் முன் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள்; ஏற்றும் முன் அந்த அளவை எடுத்து வைத்தால்தான் இது முடியும். தகட்டின் மேலோட்டமான கீறலை மெருகிட்டு அடிப்பூச்சு பூசலாம். ஸ்பார், அதன் இணைப்புத் துளைகள், கால்கள் பொருந்தும் இடம் ஆகியவற்றில் ஐயம் எழுந்தால் தொடாமல் படமெடுத்து, கிட்டை (கட்டுவதற்கான பாகங்களின் தொகுப்பு) தயாரித்த நிறுவனத்தின் பொறியியல் பிரிவுக்கு அனுப்பி, பதில் வந்த பின்பே அடுத்த ரிவெட்டை அடியுங்கள். அந்தப் பதிலையும் பயணத்தின் படங்களையும் கட்டுமானப் பதிவேட்டிலேயே சேர்த்து வையுங்கள். பின்னாளில் சான்றிதழுக்காக விமானத்தைப் பார்வையிட வருபவர், பழுது பார்த்த இடத்தைப் பற்றிக் கேட்டால் காட்டுவதற்கு அவை வேண்டும்.